முந்நூற்று நாற்பது மீட்டருக்கு ஒரு குண்டு

போன சனிக்கிழமை நியூசிலாந்தில் எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டில் மான்கறி மிளகு வறுவல். எட்டுப் பேர் சாப்பிட வந்திருந்தார்கள். முதல் வாய் உள்ளே போன உடனே ஒரு நண்பர் கேட்டார்: "பாலாஜி, எத்தனை மீட்டர்ல அடிச்சீங்க?"

கவனியுங்கள். காரம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை மீட்டர்!

"நாலு" என்றார் என் கணவர்.

வீடே சிரித்தது. ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர், இன்னொன்று நான். ஏனென்றால் அவர் சொன்னது ஜோக் இல்லை... அந்த நாலு மீட்டருக்குப் போய்ச் சேர எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.

பாலாஜியை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு டோஸ்டர் வாங்க ஆறு வாரம் எடுத்துக்கொண்ட மனிதர். அவர் ஆபீஸில் சம்பளப் பட்டியல் பார்க்கிறவள் ட்ரிஷ். ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம், பண்ணையில் வளர்ந்தவள். ஒருநாள் மான்கறி சாசேஜ் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாள். இவர் பாராட்டியதும், "நீயும் ஒரு நாள் வேட்டைக்கு வாயேன்" என்றிருக்கிறாள்.

வேறு யாராவது என்றால் வருகிறேன் என்பார்கள், அல்லது ஐயோ வேண்டாம் என்பார்கள். இவர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

"பாஸ்போர்ட் வந்தாச்சு. ரக்பி பாத்தாச்சு. மீன் பிடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி" என்றார் என்னிடம். கிவி, அதாவது அசல் நியூசிலாந்துக்காரர், ஆவதற்கு யாரோ ஒரு சோதனைப் பட்டியல் கொடுத்திருப்பதுபோல!

துப்பாக்கி லைசென்சுக்குப் பரீட்சை எழுதினார். நூற்றுக்கு நூறு... கேட்கவா வேண்டும்? பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, துப்பாக்கி வைக்க வாங்கிய இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்தார். அடுத்து என்னைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார். இது இங்கே வழக்கம். மனைவியிடம் தனியாகக் கேட்பார்கள்.

"உங்கள் கணவர் சட்டென்று கோபப்படுவாரா?"

"கோபப்படுவதற்கு முன்னால் மூன்று வெப்சைட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பார்" என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். லைசென்ஸ் வந்தது. துப்பாக்கியும் வந்தது. ட்ரிஷ் சொன்னதையே வாங்கினார், ஆச்சரியம்!

ஆனால் குண்டு?

அங்கேதான் ஆரம்பித்தது வினை. தோட்டாவின் நுனியில் இருக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டுக்கு இத்தனை சாதிப் பிரிவுகள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மெல்லிய ஈயமுனை, பிளாஸ்டிக் முனை, முழுச் செம்பு. சில குண்டுகள் உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். சில துண்டு துண்டாகச் சிதறும். சில இறுகிப்போய் அப்படியே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள். ஒவ்வொன்றுக்கும் சண்டை.

பாலாஜி ஓர் அமெரிக்க இணையக் குழுமத்தில் சேர்ந்தார். அங்கே ஒருவரின் வாக்கு இவருக்கு வேதவாக்கு. பெயர் தெரியாது, ஊர் மொன்டானா. நான் அவருக்கு மொன்டானா மாமா என்று பெயர் வைத்தேன். மாமா அறுநூறு மீட்டரில் மானைச் சாய்ப்பார். எழுநூறில் கொயோட்டியைச் சாய்ப்பார். எல்லாம் ஒரே குண்டு. எல்லா விமர்சனமும் ஐந்து நட்சத்திரம்.

பாலாஜியின் எக்செல் ஷீட்டில் கொயோட்டிக்கென்றே தனியாக ஒரு வரிசை.

"ஏங்க, கொயோட்டின்னா என்ன?"

"அமெரிக்காவுல இருக்கிற ஒரு வகை ஓநாய். சின்ன சைஸ்."

"நியூசிலாந்துல இருக்கா?"

"இல்ல."

"நரியாவது இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்த வரிசை?"

"டேட்டா முழுசா இருக்கணும்" என்றார். பாம்புகூட இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஓநாய்க்குக் குண்டு தேர்ந்தெடுத்தவர் உலகிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்தக் காலத்தில்தான் நந்தன் அண்ணனும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். யாழ்ப்பாணக்காரர்கள். பக்கத்துத் தெரு.

"அப்ப, எத்தினை ரவை வாங்கி வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார் அண்ணன்.

"ஒரு கிலோ இருக்குண்ணே, கிச்சடி கிண்டட்டுமா?" என்றேன் நான் சமையலறையிலிருந்து.

"ஐயோ பிள்ளை, துவக்கு ரவை!"

அவர்கள் ஊரில் துப்பாக்கி என்றால் துவக்கு, தோட்டா என்றால் ரவை. எல்லாரும் சிரித்தோம். அங்கேயே விட்டிருக்கலாம். பாலாஜி டிவியில் ஒரு வீடியோ போட்டார். சதைக்குப் பதிலாக ஒரு பெரிய ஜெல்லிக் கட்டி. அதற்குள் குண்டு பாய்வதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டுவார்கள். ஜெல்லி உள்ளே வீங்குகிறது, கிழிகிறது, குலுங்குகிறது...

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "தம்பி, உந்த வீடியோவை ஒருக்கா நிப்பாட்டும்."

"ரெண்டே நிமிஷம்ணே. உள்ள போய் என்ன செய்யுதுன்னு இப்பதான் வரும்."

"உள்ளுக்குப் போய் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் மனைவி தலை நிமிரவில்லை. நான்தான் ஓடிப்போய் டிவியை அணைத்தேன்.

அவர்கள் போனதும் பாலாஜி, "அண்ணனுக்கு சயின்ஸ்ல இன்ட்ரஸ்ட் இல்ல போல" என்றார்.

"அவர் எந்த ஊர்லேருந்து, எதுக்காகக் கெளம்பி வந்தவர்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான். அதற்கு அடுத்த நாள் மறுபடி மொன்டானா.

கடைசியில் ஒரு குண்டு ஜெயித்தது. முழுச் செம்பு, கூர்மூக்கு. காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் போகுமாம். பெட்டியில் மான் படம் வேறு. துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த காகிதத்தில் ஐந்து ஓட்டைகளை ஓர் உள்ளங்கைக்குள் அடக்கினார். ட்ரிஷே விசில் அடித்தாளாம். ஆனாலும், "நான் இருபது வருஷமா கடையில கிடைக்கிற சாதாரண ஈயமுனைதான் போடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அது எக்செல் ஷீட்டில் ஏறவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ட்ரிஷின் அண்ணன் பண்ணை, ஹெலன்ஸ்வில் தாண்டி. வழியில் வெஸ்ட்கேட்டில் ட்ரிஷை ஏற்றிக்கொண்டோம். நான் எதற்குப் போனேன்? இவர் காட்டில் எக்செல் திறந்தால் மூடுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா!

குளிர்காலம். தூறல். மதியம் இரண்டு மணிக்கு ஒரு மேட்டில் குப்புறப் படுத்துக்கிடந்தோம். எதிர்ச் சரிவில், புல்வெளியின் ஓரத்தில், ஒரு மான். ஃபேலோ என்கிற புள்ளிமான் வகை, இளம் ஆண். நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

பாலாஜி தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்தார். "முந்நூத்தி நாப்பது."

"காத்து நமக்குச் சாதகமா இருக்கு. அந்த மரவரிசைக்குப் பின்னால இறங்கிப் போனா நூறு மீட்டர் வரைக்கும் கிட்டப் போயிடலாம். இருபது நிமிஷம்தான்" என்றாள் ட்ரிஷ்.

"தேவையில்லை. இந்தக் குண்டை எடுத்ததே இந்தத் தூரத்துக்குத்தான்."

ட்ரிஷ் தயங்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் காலுறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அந்தச் சேற்றுச் சரிவில் இறங்கி ஏற எனக்கு இஷ்டமில்லை. "இங்கேருந்தே சுட்டுத் தொலைங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

சுட்டார்.

மான் ஒரு குலுங்கு குலுங்கியது. விழவில்லை. பக்கத்துப் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது.

"பட்டுருச்சு! நல்லாப் பட்டுருச்சு! நாப்பது மீட்டருக்குள்ள விழுந்துரும்" என்றார் பாலாஜி. ட்ரிஷ் எங்களை அரை மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தாள். அடிபட்ட மானை உடனே துரத்தினால் இன்னும் ஓடுமாம்.

பிறகு தேட ஆரம்பித்தோம். நாற்பது மீட்டரில் இல்லை. நூறில் இல்லை. புல்லில் அங்கே ஒரு சொட்டு, பத்தடி தள்ளி இங்கே ஒரு சொட்டு ரத்தம். ட்ரிஷ் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் குத்திவைத்துக்கொண்டே போனாள். தூறல் ரத்தத்தைக் கழுவ ஆரம்பித்தது. கோர்ஸ் புதர் முள் என் கையெல்லாம் கிழித்தது.

முதல் ஒரு மணி நேரம் பாலாஜி பேசிக்கொண்டே வந்தார். குண்டின் வேகம் என்ன, காற்று எவ்வளவு தள்ளியிருக்கும்... இரண்டாவது மணி நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒரு டிஷ்யூ பேப்பரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமா, அது இன்னும் உயிரோட இருக்குமா?"

சுட்டுத் தொலைங்க என்றவள் நான்தானே?

ஐந்து மணிக்கு இருட்டிவிடும். நாலே முக்காலுக்கு ட்ரிஷ் கையைத் தூக்கினாள். கீழே ஓடைக் கரையில், கோரைக்குள் கால் மடக்கிக் கிடந்தது. எங்கள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியது. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீ முடிச்சிடேன், ப்ளீஸ்" என்று ட்ரிஷிடம் கெஞ்சினார் பாலாஜி.

"வேணும்னா செய்யறேன். ஆனா இது உன் மான், பாலா." அதட்டவில்லை. அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

அவர் நாலு மீட்டர் கிட்டே போனார். ஒருமுறை துப்பாக்கியை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கினார். சுட்டார். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ட்ரிஷ் மானைப் புரட்டி முதல் குண்டு போன இடத்தைக் காட்டினாள். நெஞ்சுக்குச் சற்றுப் பின்னால், இந்தப் பக்கம் பென்சில் பருமனில் ஓர் ஓட்டை. மறுபக்கமும் அதே பென்சில் பருமன்.

"விரியவே இல்லை, பார். செம்பு கெட்டி. அது விரியணும்னா வேகம் வேணும். இவ்வளவு தூரம் வந்ததும் வேகம் குறைஞ்சு, ஸ்வெட்டர் பின்னுற ஊசி மாதிரி இப்படிப் போயி அப்படி வந்துடுச்சு." அப்புறம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்: "உன் தப்பு மட்டும் இல்லை. கிட்டப் போயே ஆகணும்னு நான் பிடிவாதமாச் சொல்லியிருக்கணும்."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு பாலாஜி அந்த இணையக் குழுமத்தில் உட்கார்ந்தார். பின்னால் நின்று படித்தேன். "முந்நூற்று நாற்பது மீட்டர். ஒரே ஷாட்டில் பட்டது. மான் கிடைத்தது." அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே மின்னிய அத்தனை ஐந்து நட்சத்திரங்களும் இப்படி எழுதப்பட்டவைதானோ? மாமாவின் எழுநூறு மீட்டர் கொயோட்டி எந்தப் பள்ளத்தில், எத்தனை மணி நேரம் கிடந்ததோ? ஊரில் ஹோட்டல் விமர்சனத்திலிருந்து வெளிநாட்டு வாழ்க்கை விமர்சனம் வரை நாம் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறோம்... நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டு.

"அந்த மூணு மணி நேரம் எங்கே?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழுசாக எழுதினார். தூறல், டிஷ்யூ பேப்பர், நாலு மீட்டர், எல்லாம். பத்து நிமிடத்தில் மொன்டானா மாமாவிடமிருந்து பதில் வந்தது. "துப்பாக்கி மேல் குறிபார்க்க என்ன ஸ்கோப் போட்டிருந்தாய்?"

பாலாஜி லேப்டாப்பை மூடினார்.

துப்பாக்கியை விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. நேற்று ட்ரிஷோடு மறுபடி போனார். அவளுடைய அதே சாதாரண ஈயமுனை. சாயங்காலம் சட்டை முழுக்கச் சேறோடு, வெறுங்கையோடு வந்தார். ஒன்றரை மணி நேரம் வயிற்றால் ஊர்ந்து மானுக்குத் தொண்ணூறு மீட்டர் கிட்டே வரைக்கும் போயிருக்கிறார். காற்று திரும்பி இவர் வாடையைக் கொண்டுபோய்விட்டது. மான் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"உமா, அது மேயறப்போ ஒரு காது மட்டும் தனியாத் திரும்புது தெரியுமா? நாலு வாய் தின்னுட்டு ஒரு தடவை நிமிருது. நாம இருக்கோம்னு தெரிஞ்சதும் உடனே ஓடல. முன்னங்காலால தரையத் தட்டுது. என்னையே பாத்துத் தட்டுது..."

ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகக் குண்டைப் பற்றியே பேசிய மனிதர், முதல் முறையாக மானைப் பற்றிப் பேசினார்.

நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அதுவும் முதல் முறைதான்.