பெண்கள் வார்டில் என் படம்

மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போது நான் டிராயிங் டீச்சர். டிராயிங் என்றால் கிளி, தாமரை, மாம்பழம், கூஜா. மனித உடம்பில் கழுத்துக்குக் கீழே எதையும் நான் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடை. குறை ஒன்றும் சொல்ல முடியாத வாழ்க்கை.

முப்பத்தைந்தாவது வயதில், குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. லேடி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, மார்பையே எடுத்துவிட வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். பல் பிடுங்குவதைப் பற்றிப் பேசுவது போல அவர் சொன்னதால், எனக்கும் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. குளோரோபாரம் தெளிந்து பார்த்தபோது ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் கட்டு.

உயிர் பிழைத்தேன். வீடு திரும்பிய பிறகுதான் சிக்கல். சமையலறையில் என்னைக் கடந்து போகும்போது இடுப்பைக் கிள்ளாமல் போகாத மனிதர், இப்போது ஒதுங்கி நின்று வழிவிட்டார். தூக்கத்தில் கை பட்டுவிடும் என்று சொல்லிக் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். என் புடவையைக்கூடத் துவைத்தார். அவ்வளவு மரியாதையை எந்தப் பெண்ணாலும் தாங்க முடியாது. அருவருப்பாக இருக்கிறது போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பள்ளிக்குப் போகும்போது பழைய காலுறையில் பஞ்சு அடைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். கரும்பலகையில் உயரத்தில் கிளியின் தலையைப் போடக் கையைத் தூக்கினால், அதுவும் தோள்வரை ஏறிவிடும். வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே அதைக் கீழே இறக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் பள்ளி விடுமுறை. கதவைத் தாழ் போட்டுவிட்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கரித்துண்டால் என்னை வரைந்தேன். முதல் படத்தில் புடவைத் தலைப்பு சரியாக இடது பக்கத்தை மூடியிருந்தது. கூஜாவை இதைவிட நேர்மையாக வரைந்திருக்கிறேனே என்று எரிச்சல் வந்தது. புடவையையும் ரவிக்கையையும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

தழும்பு அக்குளிலிருந்து சாய்வாக இறங்கியது. நல்ல கோடு. அதை வரைந்து முடித்ததும் கை மற்ற இடங்களுக்குத் தானாகப் போயிற்று. தோள், மீதியிருந்த மார்பு, தொப்புளைச் சுற்றிய மடிப்பு, இடுப்பு. என் இடுப்பு அழகானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கிள்ள ஆள் இல்லையே என்று கோபமும் வந்தது. மாதக்கணக்கில் வலியை மட்டுமே தெரிந்து வைத்திருந்த உடம்புக்கு ஆசையும் திரும்பி வந்திருந்தது.

வாரம்தோறும் வரைந்தேன். ஒரு நாள் படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மறந்துபோய் என்று சொன்னால் பொய். திரும்பி வந்தபோது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ரொம்ப மோசமா நினைச்சிட்டிருந்தேன்," என்றார். "இது நல்லாத்தானே ஆறியிருக்கு?"

அவர் அதுவரை அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. தொட்டால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கேட்டிருக்கலாமே," என்றேன்.

"எப்படிக் கேக்கிறது? வலியில இருக்கிறவகிட்ட எனக்கு ஆசையா இருக்குன்னா சொல்ல முடியும்?"

அன்றைக்கே கட்டில் உள்ளே வந்துவிட்டது. வாசற்படியில் இடித்து அதன் கால் ஒன்று உடைந்ததுதான் நஷ்டம்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் எங்கள் சர்ச்காரர். வீட்டுக்கு வந்தவர் படங்களைப் பார்த்து, ஒன்றைக் கேட்டார். ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிவிடும் பெண்களுக்குக் காட்ட வேண்டுமாம். முகத்தை அழித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றது என் கணவர்தான்; முகம் இல்லாவிட்டால் செத்தவள் படம் மாதிரி இருக்கும் என்றார். அப்படித்தான் பெண்கள் வார்டில், கட்டு மாற்றும் அறையின் திரைக்குப் பின்னால், நான் முகத்தோடு மாட்டப்பட்டேன்.

நர்ஸ் சொல்லியனுப்ப, ஒரு நாள் போனேன். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, விவசாயக் குடும்பம், ஆபரேஷன் வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, இதுக்கப்புறமும் ஊட்டுக்காரரு உங்களச் சேத்திக்கிட்டாருங்களா?"

"நான்தான் அவரைச் சேத்துக்கிட்டேன்," என்றேன்.

வார்டே சிரித்தது. கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு நர்ஸ் மொழிபெயர்த்ததும் இன்னொரு தரம் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பொ என்னையும் ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டும் இருக்கறப்பவே."

திரையை இழுத்துவிட்டு வரைந்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடித்துக் காட்டியபோது, சின்னதாகப் போட்டுவிட்டேன் என்று குறை சொன்னாள். திருத்தினேன். ஒரு மாதம் கழித்து, கட்டெல்லாம் பிரித்து ஊருக்குப் புறப்பட்டவள், அந்தத் தாளைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாளாம். புருஷனிடம் காட்டப் போகிறாயா என்று நர்ஸ் கேட்டதற்கு, அவர் நடந்துகொள்வதைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னாளாம்.