கழுதைக்கு ஏது கை?

படப்பிடிப்பில் அவரை எல்லாரும் சாம்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது மனுஷனுக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்போடு ஒட்டிய சாம்பல் நிற உடுப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் முழ நீளக் கட்டைகளை ஊன்றி, நாளெல்லாம் நான்கு காலில் நடப்பதுதான் அவர் தொழில். படத்தில் புலி வருகிறதா, கரடி வருகிறதா, முதலில் அவர் வருவார். நடிகர்கள் அவரைப் பார்த்துத்தான் அலறுவார்கள், கொஞ்சுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர்காரர்கள் அவரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் மிருகத்தை வைப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் முப்பது படம் முடித்தாயிற்று. ஒன்றிலாவது மனுஷனின் சுண்டுவிரல் தெரிய வேண்டுமே! தெரிந்தால் வேலையில் குறை என்று அர்த்தம்.

அவரைத்தான் கழுதைப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பழைய கார்ட்டூன் கழுதையைத் தெரியாத வீடு ஏது? ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து, தன்னை அந்த வீட்டின் மூத்த பிள்ளை என்றே நினைத்துக்கொண்டு, தம்பி தங்கைகளின் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்கிறேன் என்று தின்று தீர்க்கும் கழுதை. அதை இப்போது நிஜ ஆட்களை வைத்து, குழந்தை குட்டியோடு போய்ப் பார்க்கிற சிரிப்புப் படமாக எடுக்கிறார்கள். கழுதையாக நடக்க வருகிறீர்களா என்று போனில் கேட்டார்கள். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இருக்கிறது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தக் கார்ட்டூன் வரும். அம்மா மருந்துக்கடையில் வேலை முடிந்து வர ஏழாகிவிடும். படப்பிடிப்பு இல்லாத நாளெல்லாம் அப்பாவும் மகளும்தான். டிவியில் கழுதை ஓடினால் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு, "ஓடுப்பா, அதைவிட வேகமா ஓடு!" என்பாள். வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி முட்டி தேய்ந்து போகும். அந்தக் குட்டிக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் தேறின மாதிரி இருந்ததால், "நான் பார்த்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று மனைவியே அவரை வேலைக்கு அனுப்பினாள்.

அன்றைக்கு அவர் புலி. உடுப்புக்குள் போன் வைத்துக்கொள்ள முடியாது, அது பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பதினேழு அழைப்பு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில், சுவரோரப் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்களைத்தான் கேட்டா. கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தா."

ஒன்பது வருஷமாகிவிட்டது. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கேஸ் தீர்ந்துபோச்சு, மோட்டார் போடுங்க, சட்டையைக் காயப்போட்டாச்சு, அவ்வளவுதான் பேச்சு. மகளின் பெயரை இருவரும் வாயால் எடுத்ததில்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஒவ்வொரு நாளும் கேட்கப் போவார், நாக்கு எழாது. அசட்டு மனுஷன்! நாலு பேர் முன்னால் உறுமவும் கனைக்கவும் தெரிந்தவருக்கு வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை.

கழுதைப் படத்தில் ஒரு கட்டம். கழுதையை எங்கேயோ அனுப்பிவிடப் போகிறார்கள். கடைக்குட்டிப் பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்தப் பெண்ணாக நடித்தவளுக்கு எட்டு வயது. சிரிக்கச் சொன்னால் சிரிப்பாள், அழத்தான் வரவில்லை. பதினோரு தடவை எடுத்தார்கள். டைரக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெண்ணின் அம்மா வேறு ஓரமாக நின்று, "அழுடி, அழுதுதான் தொலையேன்" என்று பல்லைக் கடித்தாள்.

பன்னிரண்டாவது தடவை, அந்தப் பிள்ளை பயத்தில் நடுங்கிக்கொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சின்ன மோவாய் அவர் தோளில் இடித்தது. அவர் வலது கைக் கட்டையை நழுவவிட்டார். கை அதுபாட்டுக்கு எழுந்து பிள்ளையின் முதுகில் போய் நின்றது. மெதுவாகத் தட்டினார், நாலு தடவை. அதுவரை வராத அழுகை அந்தப் பிள்ளைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சுற்றி நின்ற விளக்குக்காரர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

"கட்!" என்று கத்தினார் டைரக்டர். "அண்ணே, கழுதைக்கு ஏதுண்ணே கை? அழுகை இப்பதான் வந்துது, அதையும் கெடுத்துட்டீங்களே!"

பதினெட்டு வருஷத்தில் முதல் தப்பு. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். இன்னும் ஐந்து தடவை எடுத்துப் பார்த்தார்கள், அந்த அழுகை திரும்ப வரவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்துவிட்டு, "விடுங்க சார், கையை அழிச்சிடறேன். சட்டை அமுங்கறதை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. யாரு கவனிக்கப் போறா?" என்றார்.

படம் வெளிவந்த வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டார். அவர் படம் எதையும் அவள் பார்த்ததில்லை. என்ன படம் என்று கேட்டாள். சொன்னார். வர மாட்டாள் என்றுதான் நினைத்தார். புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

தியேட்டர் முழுக்கப் பொடிசுகள். கழுதை நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கூச்சல், கழுதை பல் தேய்த்ததற்கு விசில். நடுவில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கட்டம் வந்தது. பெண் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகில் மஞ்சள் சட்டை அமுங்கியது, எழும்பியது, மறுபடி அமுங்கியது. அங்கே யாருமே இல்லை. கம்ப்யூட்டர்காரர் சொன்னது சரிதான், தியேட்டரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"யார் கை அது?" என்றாள் மனைவி.

"என்னோடதுதான். தெரியாம போயிடுச்சு." இப்போது கேட்காவிட்டால் இனி இந்தப் பிறவியில் கேட்க முடியாது என்று தோன்றிவிட்டது. "என்னை மன்னிச்சிடும்மா. அன்னிக்குப் பாப்பா அப்பா அப்பான்னு கேட்டப்போ நான் பக்கத்துல இல்லாம போயிட்டேன். பாவி நான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவ கேக்கலைங்க."

"என்னம்மா?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துலயே அவளுக்கு நினைவு தப்பிடுச்சு. அப்புறம் கண்ணே தொறக்கலை. உங்களையும் கேக்கலை, என்னையும் கேக்கலை. நான் ஒருத்தியே உக்காந்து பார்த்துட்டிருந்தேன். போன் போட்டுப் போட்டு, உங்க மேல அப்படி ஒரு ஆத்திரம், வாயில என்னமோ வந்துடுச்சு. மறுநாளே மாத்திச் சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்கன்னு பயந்தேன். நாள் போகப் போகச் சொல்லவே முடியலை."

நியாயமாகப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். மகள் தவிக்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கவில்லை, தூங்கினபடியே போய்விட்டாள். எந்தத் தகப்பனும் இதைத்தானே வேண்டிக்கொள்வான்! ஆனால் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் ஒன்பது வருஷமாகத் தின்று உயிரோடு இருந்தார். அது அவரை அறுத்தது, மெய்தான். ஆனாலும் கடைசியில் பாப்பா என்னைத்தான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் எழுந்தார். மகளிடமிருந்து அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

திரையில் கழுதை மாவு மூட்டைக்குள் தலைகுப்புற விழுந்தது. பிள்ளைகள் நாற்காலிகளில் ஏறி நின்று கத்தினார்கள். மனைவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக. அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"ஒரு தடவைகூடவா கேக்கலை?"

"இல்லைங்க" என்றாள்.