முடிவு வராத ஆகாயக் கதை

என் வீட்டுக்காரருக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. உயிர் என்னவோ ஆகாயக் கதைகளில்தான். சந்திரனுக்குப் போகிற கப்பல், செவ்வாயிலிருந்து இறங்குகிற ஜந்து என்று வருகிற சீமைக் கதைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. அவர்கள் என்றால் மூன்று பேர்: இவர், பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். துரை வீட்டில் கழித்துப்போட்ட இங்கிலீஷ் பத்திரிகையை வாசித்து, வாத்தியார் தமிழில் சொல்லுவார். "செவ்வாயில பனை உண்டுமா வே?" என்பார் அண்ணாச்சி. நான் அடுக்களையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்பேன். எனக்கும் ருசிதான், பொய் சொல்லுவானேன்.

தொடர்கதைக்கு எல்லா இதழும் கிடைக்காது. விட்டுப்போன இடத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். எது நன்றாக இருக்கிறதோ அதுதான் அன்றிலிருந்து கதை, பிறகு யாரும் மாற்றக் கூடாது. இது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு கதையில் வால் நட்சத்திரத்தின் விஷப்புகை பூமியில் இறங்கி, ஊர் ஊராகச் சாகிறது. ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு வீட்டுக்குள் ஓடுகிறான். அதோடு இதழ் தீர்ந்தது. அவன் அறையைச் சாணியும் களிமண்ணும் அப்பி அடைத்து, உள்ளே கரிநெருப்புப் போட்டு விஷத்தை எரித்து, மூன்று உயிரையும் காப்பாற்றினான் என்று முடித்துவைத்தவர் என் வீட்டுக்காரர். அண்ணாச்சி தொடையில் தட்டி, "அடிச்சீரு பாரும்!" என்றார். சீமைக்காரன் சாணியைக் கண்டானா என்று நான் உள்ளே சிரித்துக்கொண்டேன்.

களக்காட்டில் தாய் வீட்டில் பெண் குழந்தை பெற்று, மூன்றாம் மாதம் பாளையங்கோட்டைக்கு வந்தேன். அந்தக் கோடையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில், மெய்யாகவே வால் நட்சத்திரம் விடியற்காலை வானத்தில் நின்றது. பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும் என்று பத்திரிகைகள் எழுதின. இவருக்குச் சோறு இறங்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்ப்பார்.

வால் தொடும் என்று சொன்ன அன்று காலை இவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. என்னையும் பிள்ளையையும் உள்ளறைக்கு இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். சன்னலை முன்பே சாணியால் மெழுகி அடைத்திருந்தார். கதவிடுக்கில் ஈரவேட்டியைத் திணித்து, களிமண் அப்பினார். பிள்ளைக்குச் சாம்பிராணி போடும் சட்டியில் கரி கனன்றது. ஊரே பயந்து கிடந்தது, நானும் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரிப்புகையில் தலை வெடிக்கிறது எனக்கு. பிள்ளை மாரை விட்டுவிட்டாள். கழுத்து தொய்கிறது.

"பிள்ள பால் குடிக்க மாட்டேங்கா. கதவத் தெறங்க."

"பொறு ஏட்டி! வெளிய விஷம். கதையில அவன் பொறுத்தாம்லா?"

"எந்தக் கதையில?" எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் கிறீச்சிட்டது. "அதுக்கு முடிவு எங்க வந்துச்சு? அடைச்சதும் கரி போட்டதும் நீங்கள்லா சொன்னீய!"

"நானா?" என்றார். சத்தியமாக அவருக்கு மறந்துபோயிருந்தது. முகம் வெளிறிவிட்டது. பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். கரிச்சூட்டில் இறுகிய மண்ணில் கதவு அசையவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வர மண்ணைப் பறித்தார். நான் ஒரு கையில் பிள்ளையோடு வேட்டியைப் பிடுங்கினேன். கதவு திறந்தது.

முற்றத்தில் பிள்ளையைக் கிடத்தித் தண்ணீர் தெளித்தேன். அசைவில்லை. பிறகு ஒரு விக்கல் வந்தது. அப்புறம் அழுதாள். வெளியே விஷம் ஒன்றும் இல்லை. எப்போதும் அடிக்கிற வெயில்தான் அடித்தது.

ஐப்பசியில் வாத்தியார் அந்த வால் நட்சத்திரக் கதையின் விட்டுப்போன இதழை எங்கேயோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். "வாசிக்கட்டுமா?" என்றார். இவர் எழுந்துபோய், கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நானும் பிள்ளையோடு முதல்முறையாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். வெளியே பெருமழை. சாரல் பத்திரிகையை நனைத்தது. ஒருவரும் சன்னலை அடைக்கச் சொல்லவில்லை.