எக்ஸ்ரே தேர்ந்தெடுத்த வண்டி

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரே என்பார்கள். வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எங்கே நசுங்கியது, எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். முப்பத்தெட்டு வருடம் டிங்கர் வேலை. வேலையை விட்ட மறுநாள் காலை மனைவி ஆரம்பித்தாள்.

"ஆயுசு பூரா ஊரான் வண்டியத் தடவியே காலம் போச்சு. நமக்குன்னு ஒண்ணு வாங்கினா என்ன? உக்காந்தா தரை தட்டுமே, ரெண்டே சீட்டு, அது."

"அதுல நீ ஏறினா இறக்க கிரேன்தான் வரணும்."

"இறங்கினாத்தானே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசை அவருடையது. அதை அவள் வாயால் கேட்பதற்குத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

பழைய கார்கள் விற்கும் இடத்தில் அந்த ஸ்போர்ட்ஸ் ரகத்தில் நான்கு வண்டிகள் நின்றன. முதல் வண்டியின் கதவைத் திறந்து மூடினார், வேண்டாம் என்று நகர்ந்தார். இரண்டாவதன் சீட்டுக்கு அடியில் கைவிட்டார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் துரு. மூன்றாவதற்கு பானெட் மாற்றியிருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி பின்னாலேயே வந்த வியாபாரிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, வண்டி வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?"

நான்காவது வண்டி கரும்பச்சை. கூரையை மடித்துவிடலாம். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை கையை ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை. மறுபக்கமும் ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. முப்பத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வண்டி அவர் கைக்கு அகப்பட்டதில்லை.

"இதுமேல சுத்தியலே பட்டதில்ல. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

அதே வண்டியை இரண்டு நாளாகச் சுற்றிவந்துகொண்டிருந்த ஒரு இளைஞன், அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல், அப்போதும் அங்கே நின்றிருந்தான். புதிதாகப் பதவி உயர்வு கிடைத்த கையோடு வந்தவன். வியாபாரி அவன் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்குங்க சார். எக்ஸ்ரே அண்ணன் ஒரு வண்டிய நல்லாருக்குன்னு சொல்லி நானே இன்னைக்குத்தான் கேக்கறேன்."

மனைவி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் சடங்குக்காக, சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். தகடுகள் சேரும் இடத்தில் பசையை விரலால் நீவிவிட்டிருந்தார்கள். நீவிய தடத்தின் நடுவில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடியது. அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியைத் தகடு என்றோ வெட்டி எடுத்துவிட்டது. மொட்டை விரலை அந்தத் தடத்தில் வைத்தார். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

பதினோரு வருடம் இருக்கும். லாரிக்கு அடியில் போன ஒரு வண்டியின் பின்பாதி, தீப்பிடித்த இன்னொரு வண்டியின் முன்பாதி. "இத உன்னால ஒண்ணாக்க முடியாதுப்பா" என்று முதலாளி சீண்டினார். முடியாது என்ற ஒரு சொல் போதும் அவருக்கு. பன்னிரண்டு நாள் சோறு தண்ணி மறந்து இரண்டையும் ஒட்டினார். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வண்டி பட்டறையை விட்டுப் போய்விட்டது. கண்காட்சியில் நிறுத்தத்தான் என்றார் முதலாளி. நம்பும்படியாக இல்லை. நம்பினார்.

"இறங்கு" என்றார் மனைவியிடம். காதோடு விஷயத்தைச் சொன்னார்.

"நீங்கதானே ஒட்டினீங்க? நல்லாத்தானே ஒட்டியிருப்பீங்க?"

"கூரை இல்லாத வண்டிக்குத் தரைதான் முதுகெலும்பு. அதையே வெட்டி ஒட்டியிருக்கேன். வேகத்துல ஒரு இடி விழுந்தா ரெண்டாப் பிரிஞ்சிடும்."

அவள் கரும்பச்சைக் கதவை ஒருமுறை தடவினாள். பிறகு, "அப்ப நாமளே வாங்கிடுவோம். வாங்கி வாசல்ல போட்டு வைப்போம். யாரும் ஓட்ட வேணாம்" என்றாள்.

கையில் இருந்ததெல்லாம் அந்த ஒரு வண்டிக்குத்தான் காணும். அதுவும் ஓட்டக்கூடாத வண்டிக்கு. சொல்லிவிட்டால் போயிற்று, சொல்வதற்குக் காசா பணமா என்று நினைத்தார். அதற்குள் இளைஞன் மேசைக்குப் போய்விட்டிருந்தான்.

"தம்பி, அந்த வண்டி வேணாம். ரெண்டு வண்டிய வெட்டி ஒண்ணாச் சேர்த்தது. சேர்த்தவனே நான்தான்."

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், இப்பத்தானே கண்ண மூடிட்டு வாங்கலாம்னீங்க?"

"அப்போ தெரியல."

"நீங்க பண்ணின வேலை உங்களுக்கே தெரியலையா? எக்ஸ்ரேன்னு வேற சொல்றாங்க."

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இது அரதப்பழசு. ஆசைப்பட்ட வண்டிய அடுத்தவர் தட்டிட்டுப் போறார்னா, உள்ள பேய் இருக்குன்னுகூடச் சொல்லுவாங்க."

"ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க. தரையில பெயின்ட்டச் சுரண்டிக் காட்டறேன்."

"சுரண்டினா வண்டி உங்களோடது. முழுப் பணத்தையும் வச்சிட்டு, தாராளமாச் சுரண்டுங்க." வியாபாரி சிரிப்பை நிறுத்தியிருந்தார். மேசைமேல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வைத்தார்.

மனைவி பையின் ஜிப்பைத் திறந்து, காசோலைப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். இளைஞனும் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தான். அந்த ஒரு நிமிடம் அவன் நம்பத் தயாராக இருந்ததுபோல்தான் இருந்தது. எக்ஸ்ரே காசோலைப் புத்தகத்தைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் எழுந்து எந்தப் பட்டறைக்குப் போவது என்று நினைத்தார். கை எழவில்லை.

"பார்த்தீங்களா சார்" என்றார் வியாபாரி.

இளைஞன் கையெழுத்துப் போட்டான்.

கால் மணி நேரத்தில் வண்டி புறப்பட்டது. அவர் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, அறுபதுக்கு மேல போகாதீங்க. தயவுசெஞ்சு."

"அறுபதுல போகவா அங்கிள் இத வாங்கினேன்?" அவன் மரியாதையாகவே சிரித்தான்.

வண்டி வாசலைத் தாண்டி, தெருவின் வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூட்டு கிறீச்சிட்டால் அவனே நிறுத்திவிடுவான் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு முனகல் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்டாள் மனைவி.

அவர் தன் மொட்டை விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவும் கேட்டாள்.