அறுபத்திரண்டாம் எண்ணை நீக்கிய கோச்

என் அண்ணன் வெர்னனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அலபாமாவின் தென்கோடியில், கோழித்தீவன ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். யாருடைய வண்டியாவது நடுவழியில் நின்றால் கூப்பிடாமலே போய் நிற்பார். அவருடைய வெட்கக்கேட்டைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். கூடப் பிறந்த தங்கை சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் சேர்ந்து வீடியோ கேமில் ஒரு லீக் நடத்துகிறோம். கல்லூரி ஃபுட்பால். காலால் உதைத்து ஆடுவது அல்ல; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிராளி வந்து முட்டிச் சாய்க்கிற எங்கள் ஊர் ஆட்டம். ஆளுக்கொரு கல்லூரி, ஆளுக்கொரு கோச் பதவி. பள்ளிக்கூடத்துப் பையன்களைப் போனில் கெஞ்சி, ஆசை காட்டி, டீமுக்கு இழுக்க வேண்டும். எல்லாம் திரைக்குள் நடப்பதுதான். ஆனாலும் இதற்காக எங்கள் வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. லீக்கின் தலைவி நான்.

லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டீமிலும் சொந்தக்காரர் ஒருவரை ஆட்டக்காரராகச் செய்து வைக்க வேண்டும். நிஜ உயரம், நிஜ எடை, நிஜத் திறமை. ஏமாற்றக் கூடாது. இந்த ஆட்டத்திலும் எப்போதாவது ஒருவர் பந்தை உதைக்க வேண்டி வரும்; என் டீமில் அது என் மாமியார். திரையிலும் சரி, வீட்டிலும் சரி, அவருக்குக் குறி தப்பியதே இல்லை.

அண்ணன் தன் மகன் கோல்பியைச் செய்து வைத்தார். முன்வரிசைத் தடுப்பாளன், எண் அறுபத்திரண்டு. நிஜத்தில் கோல்பி பள்ளி டீமில் இருந்த காலம் முழுக்கப் பெஞ்சில்தான் கிடந்தான். அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் கேலரியில் எழுந்து நின்று, "என் பையனை எறக்குய்யா! அவன் என்ன தண்ணி கொடுக்கவா வந்தான்?" என்று கோச்சைப் பார்த்துக் கத்துவார். பக்கத்தில் உட்கார எங்களுக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கோச்சை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. கோல்பி இப்போது மொபீல் நகரத்துக் கப்பல் பட்டறையில் வெல்டர். அங்கிருந்தபடியே லீக்கில் ஆடுகிறான். கடைசி இடம் அவனுக்கென்றே எழுதி வைத்தது.

அண்ணன் எடுத்தது பைன் கிரீக் என்ற சோப்ளாங்கிக் கல்லூரி. அதை அவர் தூக்கி நிறுத்திய விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய கல்லூரிகள் துரத்துகிற சூரப்புலிகளின் பக்கமே போகவில்லை. சுற்று வட்டாரத்துத் தடியன்களாகப் பொறுக்கினார். வந்தவனை முதல் வருஷம் ஆடவிடாமல் தீனி போட்டு வளர்த்தார். மூன்று சீசனில் எங்கள் எல்லோரையும் மண் கவ்வ வைத்தார். கோப்பை ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் டேமியன் என்ற பையன் வர ஒப்புக்கொண்டான். திறமைக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியவன், எதிரணியின் முன்வரிசையைக் கிழித்துக்கொண்டு பாய்கிறவன். ஆனால் பட்டியலில் எண்பத்தைந்து பேருக்குத்தான் இடம். ஒருவனை நீக்கியாக வேண்டும். மறுநாள் எங்கள் எல்லோருடைய திரையிலும் அறிவிப்பு வந்தது: பைன் கிரீக், எண் அறுபத்திரண்டு, கோல்பி, நீக்கம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணிவச்சிருக்க?"

"நான் எங்க பண்ணேன்? மிஷினா தூக்கிருச்சு. மட்டமான ஆளப் பாத்து அதுவே எடுத்துரும்."

"மட்டமான ஆளா? உன் புள்ளண்ணே!"

"ஏய், கேம்ல சொன்னேன். கோல்பிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். சரிப்பான்னுட்டான். நீ ஏன் குதிக்கிற?"

மிஷின் அப்படிச் செய்ய முடியாது. அவரவர் ஆளை அவரவர் கையாலேயே நீக்க வேண்டும் என்று தலைவியான நான்தான் அமைத்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். கழுத்து சிவந்துவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது, திட்டாமல் திரும்பிவிட்டேன்.

நீக்கியவர்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அறுபத்திரண்டை எடுத்தது கோல்பி.

அந்த சீசன் பைன் கிரீக்குக்குத் தோல்வியே இல்லை. கடைசி ஆட்டம் கோல்பியின் டீமோடு. ஜெயித்தால் கோப்பை ஆட்டத்துக்குப் போகலாம். சர்ச் முடிந்து, வறுத்த கோழியும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். மொபீலிலிருந்து கோல்பியின் குரல் டிவி வழியாகவே கேட்டது.

"வணக்கம்ப்பா. அத்தை, நீ யாரு பக்கம்?"

"நான் சாப்பாடு எங்க போடுறாங்களோ அந்தப் பக்கம்டா."

கோல்பியின் டீம் முதல் தடவை பந்தை எடுத்ததுமே அறுபத்திரண்டு முன்வரிசையில் வந்து குனிந்தான். அவனுக்கு நேர் எதிரே டேமியன். பந்து நகர்ந்ததும் டேமியன் அவனை மல்லாக்கத் தள்ளிவிட்டு மேலேறிப் போனான். அடுத்த தடவையும் அதே கதி. அறுபத்திரண்டு எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, மறுபடி வந்து குனிந்தான்.

டேமியனை வெளியே உட்கார வைக்க அண்ணனுக்கு ஒரு பொத்தான் போதும். விரல் அங்கே போனதை நான் பார்த்தேன். போய், திரும்பி வந்துவிட்டது. புள்ளிகள் ஏற ஏற, அவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஆடினார். இடைவேளைக்கு முன்பே அண்ணனுக்கு முப்பத்தைந்து, கோல்பிக்குப் பூஜ்யம்.

"கோல்பி, அவன வெளிய எடுத்துக்கோயேன்டா" என்றார் அண்ணன். "சும்மா அடிவாங்கிட்டே இருக்கான்."

"இருக்கட்டும்ப்பா. ஆடத்தான வந்திருக்கான்."

"என்கிட்டயே திருப்பிக் குடுத்துடறியா? எடம் பண்றேன்."

"வேணாம்ப்பா. அங்க மூணு வருசம் இருந்தான், ஒரு தடவகூட நீ எறக்கல."

அண்ணன் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், எங்கள் எல்லோர் முன்னாலும்.

"மிஷின் தூக்கலடா கோல்பி. நான்தான் தூக்குனேன்."

"தெரியும்ப்பா" என்றான் கோல்பி. "போன் பண்ணப்பவே தெரியும். நீ ஆடு, பந்து உன்கிட்டதான் இருக்கு."