வீடுகளின் முதுகை வரையும் டோக்கன் அக்கா

பல்வலியால் விளைந்த ஒரே நன்மை டோக்கன் அக்காவின் அறிமுகம்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவமனைக்குள் நுழைந்தால், டோக்கன் கொடுக்கும் மேசையில் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் ஒரு வீட்டின் பின்பக்கம்! துடைப்பம், கால் உடைந்த நாற்காலி, கொடியில் ஓட்டை பனியன்.

"முன்பக்கம் கல்யாண போட்டோ மாதிரி, தம்பி. எல்லாம் விறைச்சுக்கிட்டு நிக்கும். பின்பக்கம்தான் மூச்சு விடும்" என்றார்.

அவர் குடியிருந்தது நகரத்தை விட்டுத் தள்ளி, ஒரே அச்சில் வார்த்தது போன்ற வரிசை வீடுகளில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வரிசையின் முதுகு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் வரைவார். கண்ணில் பட்டதை விடவும் மாட்டார், இல்லாததைச் சேர்க்கவும் மாட்டார்.

அந்தப் பிடிவாதம் அவரது முதல் கண்காட்சிக்கே உலை வைக்கப் பார்த்தது. இடம், குடியிருப்புச் சங்கத்தின் கூடம். உறவு, நட்பு எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. படங்களை மாட்டி முடித்த நேரம், சாவிக்கொத்தோடு வந்தார் சங்கச் செயலாளர். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆஹா" போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு படத்தின் முன்னால் பேயறைந்தாற்போல் நின்றார். படத்தில், பின்வாசல் படியில் குந்தி ஐஸ்கிரீம் டப்பாவை வழித்து நக்கிக்கொண்டிருப்பது சாட்சாத் அவரேதான். மனிதருக்குச் சர்க்கரை நோய்.

"என்னம்மா இது?"

"ஐஸ்கிரீம், சார்."

"அது தெரியுது! என் வீட்டுக்காரி பார்த்தா என் கதை கந்தல். டப்பாவ அழிச்சுட்டு ஒரு புத்தகத்த வரஞ்சிடு. இல்லன்னா கூடத்துக்குப் பூட்டுதான்."

 பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் கணவர் அவர் காதோரம் முணுமுணுத்தார்: "வரஞ்சு தொலையேன். படிச்சா அவர் என்ன குறைஞ்சா போயிடுவாரு?"

"புத்தகத்த யாராவது நக்குவாங்களா? சும்மா இருங்க!" என்றவர், செயலாளரிடம் திரும்பினார். "படத்த வேணா இறக்கிடறேன், சார். மாத்த மாட்டேன்."

மனசில்லாமல் கழற்றி, வாசல் வரை தூக்கிக்கொண்டு போனார். அங்கே, கணவரைத் தேடி வந்த செயலாளரின் மனைவி எதிரே நின்றார். படத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐஸ்கிரீம் மட்டும் எப்படிக் கரையுதுன்னு ஃப்ரிட்ஜ் கதவ மாத்தினேனே, பாவி மனுஷா! சாவிய இப்படிக் கொடுங்க. நீ உள்ள போ கண்ணு, இத நட்டநடுவுல மாட்டு."

கண்காட்சி அன்று கூடம் கொள்ளவில்லை. அவரவர் வீட்டு முதுகைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே பொழுது போனது. படத்தில் இல்லாதவர்களுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "எங்க வீட்டுப் பின்பக்கத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று தபால்காரரின் அம்மா சண்டைக்கே வந்தார்.

செயலாளரின் படம் இப்போது அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது. அக்கா அதே மேசையில் டோக்கன் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், கூப்பிடும் வீடுகளுக்குப் போய் அவர்களின் பின்வாசலிலேயே உட்கார்ந்து வரைகிறார்.