நானூற்றுப் பன்னிரண்டு தோல்

கம்ப்யூட்டர் அறைக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். 1989-ல் அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பெட்டி வந்து இறங்கிய அன்றே, தூசி பட்டால் கெட்டுவிடும் என்று மேனேஜர் அருணகிரி போட்ட உத்தரவு அது. ஆயுதபூஜைக்கு அதே பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பியதை மட்டும் அவர் தூசிக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த அறை பங்கஜத்தின் கையில் இருந்தது. குடியாத்தத்துக்காரி. வீட்டில் நான்கு பவர்லூம், லுங்கி ஓடும். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், ஞாயிறுதோறும் வேலூருக்கு பஸ் ஏறி ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். "எதுக்கும்மா இந்தப் பேஜாரு?" என்று அப்பா ராஜவேலு முணுமுணுப்பார், முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்குச் சில்லறையும் எடுத்து வைப்பார். இருபத்தேழு வயதாகியும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று தெருவே கவலைப்பட்டது. தெருவுக்கு வேறு என்ன வேலை?

வேலூர் வாத்தியார் சி ப்ளஸ் ப்ளஸ் என்ற புது மொழிக்கான இரண்டு ஃப்ளாப்பியும் கொஞ்சம் ஜெராக்ஸ் தாளும் அவளுக்குக் கொடுத்திருந்தார். அதில் 'கிளாஸ்' என்று ஒரு சங்கதி. வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கியும் மண்டையில் ஏறாதது, கம்பெனியின் கட்டிங் பிரிவைத் தாண்டிப் போகும்போது ஏறிவிட்டது. அங்கே தகரத்தில் ஒரு பேட்டர்ன் தொங்கும். அதைத் தோல்மேல் வைத்து எத்தனை துண்டு வேண்டுமானாலும் வெட்டலாம். பேட்டர்னைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. வெட்டிய துண்டுதான் ஷூவாகும். கிளாஸ் என்பது அந்தப் பேட்டர்ன். அதை வைத்து உண்டாக்குகிற ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட்.

அவள் 'தோல்' என்று ஒரு கிளாஸ் எழுதினாள். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு நம்பர், ஒரு அளவு. முதல் நாள் கம்பைல் செய்தபோது, அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றச் சொன்னபோது, பதினேழு தப்பு என்று திரை கத்தியது. எல்லாவற்றுக்கும் காரணம் கிளாஸ் முடிகிற இடத்தில் விட்டுப்போன ஒரே ஒரு அரைப்புள்ளி. அதைப் போட்டதும் பதினேழும் வாயை மூடிக்கொண்டன. ஓட்டிப் பார்த்தாள். மூன்று தோலின் அளவைக் கூட்டித் திரையில் காட்டியது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜெராக்ஸ் தாளில் ஒரு எச்சரிக்கை இருந்தது. ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் விவரத்தை வெளியிலிருந்து கைவிட்டு எடுக்காதே. உள்ளே மறைத்து வை. அதன் மேல் என்ன செய்ய வேண்டுமோ அதை அந்த ஆப்ஜெக்டையே செய்யச் சொல். அவசரத்தில் பங்கஜம் அதை விட்டுவிட்டாள். அளவைத் திறந்து போட்டு, வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டினாள். விடை வருகிறதே, போதாதா?

அளவுக் கொட்டகையில் வாஹித் பாஷா இருந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தோல் அளப்பவர். கம்பியால் கட்டம் போட்ட மரச்சட்டத்தைத் தோலின் மேல் வைத்து, கட்டங்களைப் பார்வையாலேயே எண்ணிச் சொல்வார். அது தாளில் ஏறும். கடைசியில் கூட்டுத்தொகையையும் அவரே மனக்கணக்காகப் போட்டு எழுதிவிடுவார். பங்கஜம் அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நாற்றம் குடலைப் புரட்டும்; தாள்தான் அறைக்கே வந்துவிடுகிறதே.

முதல் லாட் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டுத்தோல். தாளில் இருந்தபடியே 5.3, 4.2, 6.1 என்று எல்லாவற்றையும் அடித்து ஓட்டினாள். இரண்டாயிரத்து எழுபது சதுர அடி என்றது கம்ப்யூட்டர். பாஷா எழுதியிருந்ததோ இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று. தொண்ணூற்று மூன்று அடி கம்மி. தோல்களோ அதற்குள் கட்டிங்குக்குப் போய்த் துண்டாகிவிட்டன; திரும்ப அளக்க வழியில்லை.

புதன்கிழமை அருணகிரி கொட்டகைக்குப் போனார். பிரிண்ட் எடுத்த தாளோடு பங்கஜமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். முப்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எண்ணிக்க சரியாத்தான் இருக்கு பாய். பெரிய தோல எடுத்துட்டு சின்னத வெச்சா எண்ணிக்க எப்படிக் கொறையும்? அடிதான் கொறையும்" என்றார் அருணகிரி.

"இன்னா சார் சொல்றீங்க?" என்றார் பாஷா. அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது. கூப்பிட்டு அனுப்புற வரைக்கும் நீங்க வர வேணாம்."

பாஷா அந்தத் தாளைப் பார்த்தார், பங்கஜத்தைப் பார்த்தார், வெளியே போனார். பாவம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால், தன் புரோகிராம் ஒரு திருட்டைப் பிடித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவள் கூசிப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பிரிண்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். புள்ளிக்கு வலப்பக்க இலக்கத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இறங்கினாள். மூன்று, இரண்டு, ஒன்று, மூன்று, சைபர். ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கம். நான்கு எங்கே? ஐந்து எங்கே? நானூற்றுப் பன்னிரண்டு தோலில் ஒன்றுகூடவா 5.7 அடி இல்லை?

அப்போதுதான் பிடிபட்டது. அது தசமப் புள்ளியே இல்லை. தோல்காரர்கள் அளப்பது கால் கால் அடியாக. 5.3 என்றால் ஐந்து அடியும் மூன்று காலும், ஐந்தே முக்கால். 4.2 என்றால் நாலரை. இரண்டையும் கூட்டினால் பத்தேகால் வர வேண்டும். மெஷின் ஒன்பதரை என்றிருக்கிறது. தோலுக்குத் தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே தொண்ணூற்று மூன்று அடியை விழுங்கியிருக்கிறது. ஆம்பூரில் தோல் தொட்ட எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கணிதப் பட்டதாரி கேட்கவில்லை.

திங்கள் காலையில் கிளாஸை மாற்றி எழுதினாள். இந்த முறை அளவை உள்ளே மறைத்தாள். அடி தனி, கால் தனி. நான்கு கால் சேர்ந்தால் ஒரு அடியாக மாற்றிக்கொள்ளும் வேலையையும் கிளாஸுக்கு உள்ளேயே வைத்தாள். வெளியே இருக்கும் புரோகிராம் இனி எதையும் கைவிட்டு எடுக்காது; கூட்டிக்கொள் என்று மட்டும் சொல்லும். கம்பைல் ஆனது. ஓட்டினாள். 2163. பாஷா மனசாலேயே போட்ட அதே தொகை.

அருணகிரி தலையில் அடித்துக்கொண்டார். "அட, நாலு கால் ஒரு அடி, இது எனக்கே தெரியுமே! சரி, கரண்ட் ஏறி எறங்கிச்சு, கம்ப்யூட்டர் கோளாறாயிடுச்சுன்னு சொல்லி பாய வரச் சொல்லிடுறேன்."

"கம்ப்யூட்டர் நான் சொன்னதத்தான் சார் செஞ்சுது. தப்பு என்னுது."

"புரியாம பேசாதம்மா. மொதலாளி காதுக்குப் போனா பெட்டிய மூடி வெச்சிடுவாரு. நீ பழையபடி டைப் மெஷின்ல ஒக்காரணும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த அறைக்காக அவள் ஆறு மாத ஞாயிறுகளைக் கொடுத்திருந்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் விசாரித்து விசாரித்து வாஹித் பாஷா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவர் மனைவி ஹலீமா பீ கதவைத் திறந்தார். "அஞ்சு நாளா தொழுகைக்குக்கூட வெளிய போகலம்மா. வீட்டுலயே தொழுவுறாரு. தெருவுல எல்லாரும் கேக்குறாங்களாம்."

பங்கஜம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாஷா முழுக்கக் கேட்டார்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருக்கணும் பாய்."

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? முப்பது பேரு முன்னாடி இல்ல என்ன வெளிய அனுப்புனாங்க."

மறுநாள் காலை கொட்டகையில் அதே முப்பது பேர், அருணகிரியும் இருந்தார். பாஷா வாசலிலேயே நின்றார். பங்கஜம் இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. நடுவில் போய் நின்றாள். "பாய் போட்ட கணக்கு சரி. மெஷினும் கெட்டுப் போகல. கால் அடிய தசமம்னு நெனச்சு தப்பா எழுதுனது நான். அவரு ஒரு தோலும் எடுக்கல." பெட்டியை மூடினால் மூடட்டும் என்று அந்த நிமிஷத்தில்தான் அவள் மனசு நிலைக்கு வந்தது.

பாஷா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அருணகிரி பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணோட மெஷினு நம்பருதான் சொல்லிச்சு சார். திருடன்னு சொல்லல."

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "மன்னிச்சிடுங்க பாய்" என்றார் கடைசியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே.

பாஷா உள்ளே வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைமுன் நின்றார். ஒரு தோலை எடுத்து விரித்து, சட்டத்தை வைத்து, கட்டங்களைப் பார்த்தார். அளவைச் சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லவில்லை. சட்டத்தைத் தூக்கினார். தோலை நீவிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் பார்த்திராத விதமாக, அதே தோலை மறுபடியும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார்.